பின்சக்கர பிக்கப்பை மலைத்தடத்துக்கு மாற்றுவது: எது தேவை, எது வீண்?

அமெரிக்காவின் அரிசோனாவிலோ தெற்குக் கலிஃபோர்னியாவிலோ பழைய சிறு பிக்கப் வாங்கக் கிளம்புகிறவர் ஒரே வயதுள்ள இரண்டு வண்டிகளைப் பார்க்க நேரும். இரண்டும் 1985ஆம் ஆண்டு டொயோட்டா. இரண்டிலும் 2.4 லிட்டர் என்ஜின், ஒரே மாதிரியான கேபின், ஒரே டாஷ்போர்டு. ஒன்றில் நான்கு சக்கரங்களும் இழுக்கும். மற்றதில் பின்சக்கரங்கள் மட்டும். முதல் வண்டிக்குச் சொல்லும் விலையில் வாங்க வந்தவர் மலைத்துப்போவார். இரண்டாவதைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவார்கள். இந்த மலிவு வண்டியை வாங்கி அந்த வண்டியாக மாற்றிவிட்டால் என்ன என்ற எண்ணம் அங்கேயே முளைக்கிறது. நாற்பது ஆண்டுகளாக வீட்டு கராஜ்களிலும் வெல்டிங் பட்டறைகளிலும் அலசப்படும் கேள்வி இது. ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். பாதி முடித்துக் கைவிட்ட வண்டிகளும் ஏராளம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் முன் ஆக்ஸிலிலிருந்து தொடங்குகிறார்கள். அங்கே தொடங்கக் கூடாது. மலைத்தடத்தில் வண்டியை நகர்த்துவது பிடி, கியர் விகிதம், தரை இடைவெளி ஆகிய மூன்றும் சேர்ந்துதான். முன்சக்கர இழுவை இவற்றில் முதலாவதன் ஒரு பகுதி மட்டுமே. முன் ஆக்ஸிலைப் போடலாமா கூடாதா என்பதை ஆசை தீர்மானிக்கக் கூடாது. அந்த வண்டியின் சேஸ்தான் தீர்மானிக்க வேண்டும்.

இத்தனை பின்சக்கர பிக்கப்புகள் அங்கே எப்படிச் சேர்ந்தன என்பதற்கு ஒரு வரிக் கதை உண்டு. 1964 முதல் வெளிநாட்டு இலகு டிரக்குகளுக்கு அமெரிக்கா 25 சதவீத வரி போட்டது. ஜப்பானிய நிறுவனங்கள் கேபினும் சேஸுமாக மட்டும் வண்டியை அனுப்பி, 4 சதவீத வரி கட்டி, பின்தொட்டியை அமெரிக்காவில் பொருத்தின. 1980இல் அந்தச் சந்து அடைபடும் வரை இது நடந்தது. 1972இல் மஸ்தா தயாரித்த வண்டியை ஃபோர்டு ‘கூரியர்’ என்றும், இசுசு தயாரித்ததை ஷெவர்லே ‘லவ்’ என்றும் விற்கத் தொடங்கின. 1973இன் எண்ணெய் நெருக்கடி சிறு பிக்கப்பை வீட்டு வண்டியாக்கியது. தோட்டக்காரர், குழாய் வேலை செய்பவர், கல்லூரி மாணவர் என்று எல்லோரும் வாங்கினார்கள். அவர்களுக்கு முன்சக்கர இழுவை தேவைப்படவில்லை. டொயோட்டாவின் நான்கு சக்கர பிக்கப் அமெரிக்காவுக்கு வந்ததே 1979 மாதிரியாகத்தான்.

அந்த 1979 முதல் 1985 வரையிலான டொயோட்டாக்களில்தான் தடம் ஓட்டுபவர்களின் மோகம் முழுவதும் குவிந்தது. அவற்றின் முன்பக்கம் ஒரே துண்டான கெட்டி ஆக்ஸில். 1986இல் தனித்தனியாக அசையும் முன் சஸ்பென்ஷனுக்கு டொயோட்டா மாறிவிட்டது. கெட்டி ஆக்ஸிலில் ஒரு பக்கச் சக்கரம் பாறையில் ஏறும்போது மறுபக்கச் சக்கரம் தரையை நோக்கி அழுத்தப்படுகிறது. பாறைத் தடத்தில் அது பெரிய வரம். முன்னும் பின்னும் ஒரே 8 அங்குல கிரவுன் என்பதால் ஒரே உதிரியை இரண்டு பக்கமும் மாட்டலாம். கடைசி ஆண்டான 1985க்கு விலை ஏற இன்னொரு காரணமும் சேர்ந்தது. அந்த ஆண்டு வெளியான ‘பேக் டு த ஃபியூச்சர்’ படத்தில் கதாநாயகன் ஏங்கும் கறுப்பு வண்டி இந்த டொயோட்டாதான்.

இதில் ஊர் விவகாரமும் உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. நான்கு சக்கர வண்டிகள் அதிகம் ஓடியது பனி பெய்யும் மாநிலங்களில். அங்கே சாலையில் உப்புத் தூவுவார்கள். உப்பு சேஸைத் தின்றது. பின்சக்கர வண்டிகள் பெருவாரியாக ஓடியது உலர்ந்த தென்மேற்கில். அவற்றின் சேஸும் உடலும் இன்றும் துருவில்லாமல் இருக்கின்றன. வடக்கில் இற்றுப்போன சேஸில் நல்ல ஆக்ஸில்கள் இருக்கின்றன, தெற்கில் நல்ல சேஸில் ஆக்ஸில் இல்லை. மாற்றும் வேலைக்கு உண்மையான நியாயம் ஏதாவது இருக்கிறதென்றால் அது இதுதான். விலை வித்தியாசத்தை நான் நியாயமாக ஏற்கமாட்டேன். மாற்றி முடிக்கும்போது அந்த வித்தியாசம் பட்டறையிலேயே கரைந்திருக்கும்.

பின்சக்கர வண்டி எங்கே நிற்கிறது

பிடியிலிருந்து தொடங்குவோம். காலித் தொட்டியோடு நிற்கும் பிக்கப்பின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்சக்கரங்களின் மேல் இருக்கிறது. 1,200 கிலோ வண்டியென்றால் பின்சக்கரங்களின் மேல் 480 கிலோ. தளர்ந்த சரளையில் டயரின் பிடி அதன்மேல் உள்ள எடையில் 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பின்சக்கரங்கள் தரக்கூடிய இழுவை 192 கிலோ. அது வண்டியின் மொத்த எடையில் 16 சதவீதம். 100 அடிக்கு 16 அடி உயரும் சரிவோடு கதை முடிகிறது. ஏறும்போது எடை கொஞ்சம் பின்னால் சாய்வதால் 18 அடி வரை போகலாம். நான்கு சக்கரமும் இழுத்தால் அதே சரளையில் 40 அடிச் சரிவு ஏறலாம். பாதிக்கும் குறைவு என்ற இந்த வித்தியாசத்தை யாரும் மறைக்க வேண்டியதில்லை. தொட்டியில் பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே 200 கிலோ மணல் மூட்டைகளை அடுக்கினால் கணக்கு சற்று மேம்படும். பழைய ஓட்டுநர்கள் செய்த அந்த வேலை இன்றும் செல்லும்.

ஆனால் இந்தக் கணக்கு இரண்டு பின்சக்கரங்களும் சமமாக மிதிக்கும் தரைக்கானது. தடத்தில் அப்படி ஒரு தரை கிடைப்பதில்லை. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் சமமான முறுக்கு விசையே தரும். ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் அதைச் சுழற்ற வேண்டிய விசை ஏறக்குறைய பூஜ்யம். தரையில் ஊன்றி நிற்கும் மறு சக்கரத்துக்கும் அந்தப் பூஜ்யம்தான் கிடைக்கும். இங்கேதான் பலருக்குத் தெரியாத ஓர் உண்மை இருக்கிறது. கம்பெனியில் வந்தபடி இருக்கும் நான்கு சக்கர வண்டிக்கும் இதே நோய் உண்டு. முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் ஒரே நேரத்தில் பள்ளத்தில் தொங்கினால் அது அப்படியே நிற்கும். பின் டிஃபரன்ஷியலைப் பூட்டிய இரு சக்கர இழுவை வண்டி அதே பள்ளத்தைக் கடந்துபோவதைத் தடங்களில் பார்க்கலாம். ஆகவே செலவில் முதல் இடம் பின் லாக்கருக்கு.

லாக்கரில் வகைகள் உண்டு. இருக்கும் ஹவுசிங்குக்குள்ளேயே சிறு பற்சக்கரங்களுக்குப் பதிலாக மாட்டும் தானியங்கி வகை எளிது, மலிவு. டெட்ராய்ட் லாக்கர் உறுதியானது. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனம் விற்கும் காற்று லாக்கரில் வேண்டும்போது மட்டும் பூட்டிக்கொள்ளலாம். சாலையில் சாதாரண வண்டியாகவே ஓடும். காசில்லாதவர்கள் டிஃபரன்ஷியலின் உள்பற்களை ஒன்றோடொன்று வெல்டிங் வைத்துவிடுவதும் உண்டு. தடத்துக்கு மட்டும் டிரெய்லரில் ஏற்றிப்போகும் வண்டிக்கு அது சரி. மழைச் சாலையில் வேலைக்கு ஓட்டிப்போகும் வண்டிக்கு அது ஆபத்து. காலித் தொட்டியோடு ஈரத் திருப்பத்தில் வால் பகுதி வழுக்கி விலகும். டயர்களும் சீக்கிரம் தேயும்.

அடுத்தது கியர். நான்கு சக்கர வண்டி என்றதும் முன்சக்கரத்தைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். என் கணிப்பில் அதன் பெரிய கொடை டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கும் லோ ரேஞ்ச். டொயோட்டாவின் ஐந்து கியர் பெட்டி ஒன்றில் ஃபர்ஸ்ட் கியர் விகிதம் 3.954. பின் ஆக்ஸிலில் 4.10 இருந்தால் மொத்தம் சுமார் 16க்கு 1. 33 அங்குல டயரோடு, என்ஜின் 750 சுற்றில் ஐடிலில் ஓடும்போது வண்டி மணிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் போகும். அது வேகமான நடையையும் மிஞ்சும் வேகம். முழங்கால் உயரப் பாறைமேல் அந்த வேகத்தில் ஏறினால் ஏதாவது உடையும். கிளட்சை அரைகுறையாக மிதித்துச் சமாளித்தால் கிளட்ச் கருகும். டொயோட்டாவின் லோ ரேஞ்ச் 2.28ஐச் சேர்த்தால் விகிதம் 37ஐத் தொடும். வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கும். கலிஃபோர்னியாவின் மார்லின் கிராலர் நிறுவனம் 1990களில் பரப்பிய முறைப்படி இரண்டு டிரான்ஸ்ஃபர் கேஸ்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, ஆக்ஸிலில் 5.29 கிரவுன் பினியன் போட்டால் விகிதம் 108ஐத் தாண்டும். வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம். 100 குதிரைத் திறனை ஒட்டி நிற்கும் அந்தச் சின்ன என்ஜின் பெரிய பாறைகளை அலட்டாமல் ஏறுவதன் ரகசியம் இதுதான்.

லோ ரேஞ்ச் இல்லாதவர் என்ன செய்கிறார்? தூரத்திலிருந்து வேகமெடுத்து வந்து மோதுகிறார். ஒருமுறை ஏறாவிட்டால் இன்னும் வேகமாக வருகிறார். யூனிவர்சல் ஜாயிண்ட் உடைகிறது, ஸ்பிரிங் பட்டை முறிகிறது. அதோடு சக்கரம் சுழன்று சுழன்று தடத்தில் குழி பறிக்கிறது. மழை வந்தால் அந்தக் குழி வாய்க்காலாகும், அடுத்த ஆண்டு அந்தத் தடத்தையே மூடுவார்கள். தடத்தைக் கெடுக்காமல் ஓட்டும் பழக்கத்துக்காக அமெரிக்க வனத்துறை 1985இல் ‘டிரெட் லைட்லி’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. நல்ல மனசு மட்டும் இருந்தால் அதன் நோக்கம் நிறைவேறாது. சரியான கியரும் வேண்டும்.

மூன்றாவது தரை இடைவெளி. இதில்தான் பணம் மிக அதிகமாக வீணாகிறது. லிஃப்ட் கிட் வாங்கி வண்டியை 6 அங்குலம் உயர்த்துகிறார்கள். சேஸும் கேபினும் உயரும். பின் ஆக்ஸிலின் நடுவில் தொங்கும் கிரவுன் ஹவுசிங் இருந்த இடத்திலேயே இருக்கும். பாறை இடிப்பது அதில்தான். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். பின்சக்கர டொயோட்டாவில் வந்த 205/75 ஆர்14 டயரின் விட்டம் 26 அங்குலம். 33 அங்குலம் போட்டால் ஆக்ஸிலுக்கு அடியில் கிடைப்பது மூன்றரை அங்குலம். அதற்கு இடம் கிடைக்கும் அளவுக்கு லிஃப்ட் போதும், கொஞ்சம் மட்கார்டை வெட்டினால் அதுவும் குறையும். உயரம் கூடக்கூட வண்டி பக்கவாட்டில் கவிழும் அபாயமும் கூடுகிறது.

பெரிய டயர் இன்னொரு கடனையும் கொண்டுவரும். 26 அங்குலத்திலிருந்து 33க்குப் போனால் 4.10 கிரவுன் பினியன் 3.24 போல நடந்துகொள்ளும். பழைய இழுவையைத் திரும்பப் பெற 5.18 வேண்டும்; கடையில் கிடைக்கும் 5.29 அதற்குப் பொருந்தும். பிரேக்கின் வேலையும் கூடுகிறது. பின்சக்கர மாதிரியின் சிறிய பிரேக்குகள் கனமான 33 அங்குலச் சக்கரத்தை இறக்கத்தில் நிறுத்தத் திணறும். டயர் வாங்கும்போதே கிரவுனுக்கும் பிரேக்குக்கும் பணம் ஒதுக்காதவர் 31 அங்குலத்தோடு நின்றுகொள்வது நல்லது.

காசே ஆகாத ஒரு வழியும் இருக்கிறது. தடத்தின் வாசலில் டயர் காற்றை 15 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள். டயர் அகன்று படியும், மணலில் புதையாது, கூர்ங்கல்லில் வளைந்து கொடுக்கும். வெளியே வந்ததும் திரும்ப நிரப்ப ஒரு சிறிய கம்ப்ரஸர் போதும். லாக்கரும் இந்தப் பழக்கமும் சேர்ந்தால் பின்சக்கர வண்டி போகும் இடங்களைப் பார்த்துப் பலர் வியப்பார்கள்.

இருசக்கர இழுவையிலேயே நிற்பவர்கள்

இதற்கு ஒரு பெரிய பாரம்பரியமே உண்டு. மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா பாலைவனத்தில் 1967இல் முதன்முதலாக ‘மெக்சிகன் 1000’ பந்தயம் திஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை நடந்தது. இன்றைய ‘பாஹா 1000’ அதன் வாரிசு. 1994இல் உருவான ட்ரோஃபி டிரக் பிரிவில் நெடுங்காலம் கோலோச்சியவை பின்சக்கர இழுவை வண்டிகள். காரணம் எளிது. முன்சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் ஷாஃப்டின் ஜாயிண்டுகள் ஓர் அளவுக்குமேல் மடங்காது. அவை இல்லாவிட்டால் முன் சஸ்பென்ஷனை மிக நீளமாக மேலும் கீழும் அசைய விடலாம். எடையும் குறைகிறது. வேகமாகப் பறக்கும் மணல்வெளியில் அந்த நீள அசைவு முன்சக்கர இழுவையைவிடப் பயன்பட்டது.

பந்தயத்துக்கு முன் பாதையை ஓட்டிப் பார்க்கப் பயன்பட்ட பிக்கப்புகளின் பாணியே பின்னர் ‘பிரிரன்னர்’ ஆயிற்று. 1998இல் டொயோட்டாவே டக்கோமாவில் அந்தப் பெயரில் ஒரு மாதிரி விட்டது: நான்கு சக்கர வண்டியின் உயரமும் ஆறு போல்ட் சக்கரமும் உண்டு, முன் இழுவை மட்டும் இல்லை. ஃபோர்டு 1965இல் பெரிய பிக்கப்புகளில் கொண்டுவந்து பின்னர் ரேஞ்சருக்கும் கொடுத்த இரட்டை ஐ பீம் முன்பக்கமும் பாஹாவில் பேர் வாங்கியது. பீம் அடி தாங்கும். ஆனால் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி உயர்த்தினால் சக்கரங்கள் மேலே விரிந்து அடியில் குறுகி நிற்கும். பீமின் சுழல்தாங்கியையும் கீழே இறக்கியே ஆகவேண்டும்.

ஆக, உங்கள் ஊர்த் தடம் மணலும் சரளையும் காய்ந்த ஆற்றுப் படுகையும்தான் என்றால் பின்சக்கர வண்டியை வைத்துக்கொண்டே அதைச் சிறப்பாக்கலாம். பாறைப் படிக்கட்டு என்றால் முடியாது. சியர்ரா நெவாடாவில் லூன் ஏரியிலிருந்து தாஹோ ஏரிப் பக்கம் இறங்கும் 22 மைல் ரூபிகான் தடத்துக்கு இந்த வண்டியைக் கொண்டுபோவது மற்றவர்களின் நாளைக் கெடுக்கும் செயல். சில இடங்களில் விதியே தடுக்கும். யூட்டாவின் கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவில் 100 மைல் ஒயிட் ரிம் பாதை கண்ணுக்கு எளிதாகத் தெரியும்; ஆனால் உயரமும் லோ ரேஞ்சும் உள்ள நான்கு சக்கர வண்டி வேண்டும் என்று பூங்கா நிர்வாகம் சொல்கிறது.

சேஸ் சொல்லும் பதில்

மாற்றியே தீருவது என்று முடிவெடுத்தவர் முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்.

ஜீப் கோமான்சி (1986–1992) இதில் தனி ரகம். அதன் முன்பாதி ஷெரோக்கியின் உடலே. இருசக்கர இழுவைக் கோமான்சியிலும் முன்னால் ஒரு கெட்டியான குழாய் பீம்தான் இருக்கிறது; நான்கு சக்கர வண்டியின் ஆக்ஸிலைப் பிடிக்கும் அதே கைகளும் அதே சுருள் ஸ்பிரிங்குகளும் அந்தப் பீமைப் பிடித்திருக்கின்றன. பீமைக் கழற்றிவிட்டு காயலான் கடை ஷெரோக்கியின் டானா 30 ஆக்ஸிலை அதே துளைகளில் போல்ட் போட்டு மாட்டிவிடலாம். நான்கு சக்கர வண்டியின் கியர்பாக்ஸும், லோ ரேஞ்ச் 2.72 கொண்ட டிரான்ஸ்ஃபர் கேஸும், நீளம் குறைத்த பின் புரொபெல்லர் ஷாஃப்டும் வேண்டும். முன் கிரவுன் விகிதமும் பின் கிரவுன் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும்; இதை மறந்தால் முதல் நாளிலேயே டிரான்ஸ்ஃபர் கேஸ் தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை ஆக்ஸிலுக்கு அடியில் இருக்கிறது. அதை மேலே மாற்றி வைத்தாலே நல்ல உயரம் கிடைத்துவிடும்.

1983 முதல் 1997 வரையிலான ஃபோர்டு ரேஞ்சர் அடுத்த படி. இருசக்கர, நான்கு சக்கர மாதிரிகளின் சேஸ் பெரும்பாலும் ஒன்றே. இரட்டை ஐ பீமுக்குப் பதில் அதன் உறவான, உள்ளே ஷாஃப்ட் ஓடும் இரட்டை பீம் வரும். ரிவெட் அடித்த தாங்கிகளை அரைத்தெடுத்துப் பெரிய போல்ட் போட வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஷெவர்லே எஸ்-10 இதற்கு நேர் எதிர். இருசக்கர மாதிரியின் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங், நான்கு சக்கர மாதிரியில் டார்ஷன் பார். சேஸின் முன்பகுதியே வேறு. ஒன்று முழுச் சேஸையும் மாற்ற வேண்டும், அல்லது முன்னால் எல்லாவற்றையும் அறுத்துக் கெட்டி ஆக்ஸில் வைக்க வேண்டும்.

டொயோட்டா நடுவில் நிற்கிறது. 1980களின் நடுவில் வந்த பின்சக்கர மாதிரியின் முன்பக்கம் டார்ஷன் பார். கெட்டி ஆக்ஸிலுக்குப் போகிறவர் அதன் தாங்கிகளை அறுத்து, சேஸுக்கு உள்ளும் புறமும் தகடு வைத்து வலுவூட்டி, ஸ்பிரிங் பட்டைக்கான தொங்கிகளை வெல்டிங் வைக்க வேண்டும். ஸ்டியரிங் பாக்ஸை மாற்ற வேண்டும். என்ஜின் ஆயில் சம்ப் முன் டிஃபரன்ஷியலில் இடிக்காதபடி நான்கு சக்கர வண்டியின் சம்ப் போட வேண்டும். சக்கர போல்ட் அமைப்பும் வேறு: பின்சக்கர வண்டியில் 114.3 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து, நான்கு சக்கர வண்டியில் 139.7இல் ஆறு. அதனால் பின் ஆக்ஸிலும் மாறும். மற்றொரு வழி, கேபினையும் தொட்டியையும் தூக்கி நான்கு சக்கர வண்டியின் நல்ல சேஸில் வைப்பது. டிரான்ஸ்ஃபர் கேஸ் லிவருக்குத் தரையில் துளை வெட்டுவது போன்ற சில்லறை வேலைகள் இருக்கும், ஆனால் உயிரைத் தாங்கும் வெல்டிங் எதையும் கராஜில் வைக்க வேண்டியிராது. சேஸில் பொறித்த எண் இன்னொரு வண்டியுடையது என்பதால் பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

எந்த வழியானாலும் உதிரிகளைத் துண்டு துண்டாக வாங்காதீர்கள். ஓடாத, கவிழ்ந்த, துருப்பிடித்த நான்கு சக்கர வண்டி ஒன்றை முழுதாக வாங்கி வீட்டில் நிறுத்துங்கள். ஆக்ஸிலும் கியர்பாக்ஸும் எங்கும் கிடைக்கும். கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், லிவர் பூட், ஸ்பீடாமீட்டர் பல், பிரேக் ஹோஸ், அந்த அளவுக்கே உரிய போல்ட் ஆகியவைதான் வேலையை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும். பாதியில் நிற்கும் வண்டிகள் பெரும்பாலும் இப்படித்தான் நிற்கின்றன.

ஸ்டியரிங்கையும் ஸ்பிரிங் தொங்கிகளையும் பற்றி ஒரு கண்டிப்பான சொல். கற்றுக்கொண்டிருப்பவரின் வெல்டிங் பம்பரில் இருக்கலாம், இங்கே இருக்கக் கூடாது. நெடுஞ்சாலையில் எதிரே வருகிற குடும்பத்துக்கு உங்கள் வெல்டிங் பழக்கம் பற்றித் தெரியாது. கெட்டி ஆக்ஸிலின் சாய்கோணம் தவறினால் முன்சக்கரங்கள் ஒரு வேகத்தில் வெறிபிடித்து ஆடத் தொடங்கும்; ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது. அலைன்மெண்ட் பார்க்காமல் சாலையில் ஏறக் கூடாது. அதேபோல, சிக்கிய வண்டியை டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் கயிறு கட்டி இழுப்பது உயிர்க்கொலை. உருண்டை தெறித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். பின்சக்கர வண்டிகளில் சரியான இழுவைக் கொக்கி பெரும்பாலும் இராது. சேஸோடு போல்ட் போட்ட கொக்கிகள், முன்னால் இரண்டு பின்னால் இரண்டு, எந்த அலங்காரத்துக்கும் முன்னால் வரவேண்டும். வின்ச் வாங்கினால் வண்டியின் நிறைந்த எடையைப்போல ஒன்றரை மடங்கு இழுக்கக்கூடியதாக வாங்குங்கள்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. கலிஃபோர்னியாவில் 1975க்கும் அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குமான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை இல்லை. பிந்தையவற்றில் என்ஜின் மாற்றினால் சோதனையைக் கடந்தாக வேண்டும். பம்பர் உயரத்துக்கு மாநிலத்துக்கு மாநிலம் வரம்பு உண்டு. 2005இன் விதிக்குப் பின் வனத்துறை நிலங்களில் வரைபடத்தில் குறித்த பாதைகளில் மட்டுமே ஓட்டலாம். இதைப் படித்துவிட்டுத் தமிழ்நாட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறான மாற்றத்தைத் தடுக்கிறது, 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்திருக்கிறது. அமெரிக்கப் பட்டறையில் இயல்பாக நடப்பது இங்கே பதிவையே பறிக்கும்.

இனி என் தீர்ப்பு. உங்களிடம் இருப்பது கோமான்சி என்றால் தயங்க வேண்டாம், மாற்றுங்கள். பழைய ரேஞ்சர் என்றால் முழு உதிரி வண்டி கிடைத்த பிறகு மாற்றுங்கள். துருவில்லாத பின்சக்கர டொயோட்டா என்றால் படிப்படியாகப் போங்கள். முதலில் லாக்கரோடு கூடிய 8 அங்குல பின் ஆக்ஸில், 31 அங்குல டயர், கொக்கிகள். பிறகு நான்கு சக்கர வண்டியின் கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும். முன் ஷாஃப்ட் இல்லாமலே லோ ரேஞ்சில் பின்சக்கரங்களை இழுக்க வைக்கலாம். அந்த நிலையில் ஒரு பருவம் முழுக்க ஓட்டுங்கள். பலர் அங்கேயே நிறைவடைந்துவிடுவார்கள். அதற்கு மேலும் தடம் உங்களை மறித்தால் மட்டும் முன் ஆக்ஸிலுக்குப் போங்கள், அதை அனுபவமுள்ள வெல்டரிடம் கொடுங்கள். இருசக்கர எஸ்-10 என்றால் அதை வேலைக்குப் போய்வர வைத்துக்கொள்ளுங்கள். மலைத்தடத்துக்கு நான்கு சக்கர எஸ்-10 ஒன்றை வாங்குங்கள்.